போதகர் மாற்றமும் என் தூக்கமும்

கனம் பொருந்திய மாவட்டக் கண்காணிப்பாளர் ஐயா அவர்கள் சமுகத்துக்கு,

இவ்வூர் மெதடிஸ்ட் சபையின் குழுச் செயலாளராகிய நான் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்விடத்தில் நானும் சபையாரும் சுகம். சபையார் என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி என்பதையும், என்னை அத்தான் என்று கூப்பிட்டுப் பழகியவர் என்பதையும் இந்த விண்ணப்பத்தில் நான் ஒருபோதும் பயன்படுத்திக்கொள்ள மாட்டேன். உறவு வேறு, சபைக் காரியம் வேறு. உன் அக்காவை அடக்கம் பண்ணிய பிறகு நமக்குள் போய்வந்த கடிதங்கள் எல்லாம் சபைக் காரியமாகவே இருந்திருக்கின்றன. ஆண்டறிக்கை அனுப்பினேன், கிடைத்தது என்று எழுதினாய். கோயில் கூரை ஒழுகுகிறது என்றேன், ஜெபிக்கிறேன் என்று எழுதினாய். இதுவும் அப்படியே இருக்கட்டும். பார்த்தீர்களா, இரண்டாம் பத்தியிலேயே 'நீ' வந்துவிட்டது, மன்னிக்கவும். தண்ணீர் விநியோக அலுவலகத்தில் புகார் வாங்கும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். முதல் பக்கத்தில் 'தாங்கள்' என்று ஆரம்பித்து மூன்றாம் பக்கத்தில் 'யோவ்' என்று முடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் 'நீ'யோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான்: எங்கள் போதகரை மாற்ற வேண்டும். நம் மெதடிஸ்ட் சபையில் போதகர்களை ஓரிடத்தில் வேர்விட விடுவதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. வருஷா வருஷம் மாநாடு கூடுவதற்கு முன்னால் 'இவரே இருக்கட்டுமா, வேறு ஆள் வேண்டுமா' என்று எங்களைக் கேட்பீர்கள். நாங்கள் கூடிப் பேசி எழுதுவோம். கடைசியில் பேராயர் எழுந்து நின்று யார் எந்த ஊருக்கு என்று பேர் பேராக வாசிப்பார். அதனால்தான் போதகர்களின் மனைவிமார் பெட்டிகளை முழுக்கப் பிரிப்பதே இல்லை. இப்போதைய பாஸ்டரம்மாவும் அப்படித்தான். நல்ல தட்டுகள் எல்லாம் இன்னும் பழைய செய்தித்தாளுக்குள் சுருண்டு கிடக்கின்றன. "எடுத்து அடுக்கி வெச்ச அன்னைக்கே மாத்திருவாங்கய்யா, எனக்குப் பழக்கமாயிருச்சு" என்று சிரிக்கிறார். இந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கடிதம் எழுதுவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இவருக்கு முன்னால் இங்கிருந்தவரைத் தங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஊரில் அவருக்கு இடிமுழக்கம் என்று பேர். அவர் 'ஆகவே' என்று சொன்னால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அவர் காலத்தில் கோயிலுக்குள் கண்ணயர யாருக்கும் துணிச்சல் இருந்ததில்லை. கைக்குழந்தைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. அவர் போய் இவர் வந்தார். மெலிந்த மனிதர், சட்டைக் கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்கும். முதல் ஞாயிறு பிரசங்க பீடத்தில் ஏறி நின்று எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேசத் தொடங்கினார். வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றுகிற மாதிரி ஒரு குரல். முதலில் சாய்ந்தவர் எங்கள் குழுத் தலைவர், கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். முன் பெஞ்சில் நட்டுவைத்த தூண்போல உட்காருகிறவர், மோவாய் மார்பில் பட அப்படியே இறங்கினார். அவர் தோளில் அவர் மனைவி. அப்புறம் சலவைக்கூடத்துப் பெண்களின் வரிசை, அப்புறம் ரொட்டிக்கடைக்காரர் குடும்பம், கடைசியில் மணியடிக்கிறவர் கயிற்றைப் பிடித்தபடியே. வெயில் ஜாஸ்தி என்று எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். அடுத்த ஞாயிறு மழை பெய்தது. இன்னும் நன்றாகத் தூங்கினார்கள்.

ஒரு போதகர் பேசும்போது சபை தூங்கினால் அவர் என்ன செய்ய வேண்டும்? பீடத்தைத் தட்ட வேண்டும், தொண்டையைச் செரும வேண்டும், குறைந்தபட்சம் மனம் வருந்தவாவது வேண்டும். இவர் என்ன செய்கிறார் தெரியுமா? குரலை இன்னும் தாழ்த்திக்கொள்கிறார். பக்கத்தைத் திருப்பும்போது காகிதம் சலசலக்காமல் விரல் நுனியால் திருப்புகிறார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் பின்னறைக்குப் போனேன். அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், எல்லாரும் தூங்குறாங்க."

"ஆமாங்க, பாத்தேன். நல்லாத் தூங்குனாங்கல்ல?"

"நீங்க கொஞ்சம் சத்தமாப் பேசலாமே?"

"அது எப்படிங்க, முழிச்சுக்குவாங்களே?"

அவரே உட்காரச் சொல்லி விளக்கினார். "சலவைக்கூடத்துல வேலை பாக்கறவங்க வாரம் பூரா நிக்கிறாங்க. ரொட்டிக்கடைக்காரர் ஊரு எந்திரிக்கறதுக்கு முன்னாடி அடுப்பு மூட்டுறாரு. அவங்க உக்கார்றதே இங்க வந்துதான். உக்காந்த எடத்துல தூக்கம் வந்தா அது ஒரு குத்தமாய்யா?" என்றார். வேதத்திலேயே பிரசங்கம் கேட்டுக்கொண்டே தூங்கி மாடி ஜன்னலிலிருந்து விழுந்தவன் ஒருவன் உண்டே என்று நான் விடாமல் எடுத்துச் சொன்னேன். "நம்ம கோயில்ல மாடி இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போய்விட்டார்.

சரி, இவரை நம்பிப் பயனில்லை என்று குழு கூடி நாங்களே பரிகாரம் தேடினோம். ஆராதனைக்கு முன்னால் எல்லோருக்கும் காப்பி கொடுத்துப் பார்த்தோம். காப்பி குடித்த தெம்பில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்தோம். காற்று வந்தது, அதுவும் தூக்கத்துக்குத் துணைபோயிற்று. பிறகு இரும்புக்கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். ஒட்டடை அடிக்கிற நீளக் கம்பின் நுனியில் துணி சுற்றி, மணியடிக்கிறவர் கையில் கொடுத்து, தூங்குகிறவர்களைப் பக்குவமாகத் தட்டி எழுப்பச் சொல்லலாம் என்பது யோசனை. வரம் கொடுத்தவன் தலையிலேயே கை வைத்த கதையாக, மணியடிக்கிறவர் முதலில் தட்டியது யோசனை சொன்னவரைத்தான். அவர் கண்ணைத் திறக்காமலேயே "கடை இன்னும் தொறக்கலைடா, அப்புறம் வா!" என்று கோயில் அதிரக் கத்தினார். அந்தச் சத்தத்தில் அதிர்ச்சியடைந்த ஆர்கன் வாசிக்கும் டீச்சர், அவரும் தூக்கத்தில்தான் இருந்தார், இரண்டு முழங்கையையும் கட்டைகள்மேல் ஊன்றிவிட்டார். ஒரு பெரிய சத்தம் எழுந்தது, எழுந்தது, நிற்கவே இல்லை. பாட்டு ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துச் சபை முழுவதும் எழுந்து நின்று, அரைக்கண்ணில், ஆளுக்கொரு பாட்டைப் பாடியது. பாடி முடித்துவிட்டு அமைதியாக உட்கார்ந்து மறுபடி தூங்கியது. நான் திரும்பிப் பார்த்தபோது மணியடிக்கிறவர் அந்தக் கம்பின்மேலேயே சாய்ந்து நின்றவாக்கில் உறங்கிக்கொண்டிருந்தார். போதகர் மட்டும் பீடத்தில் கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பாட்டுக் கேட்டவர்போல நின்றார்.

ஊர் வாயை மூட முடியுமா? விஷயம் வெளியே போயிற்று. முதலில் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கிற நர்சுகள் வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே வந்து கடைசி பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒரு லாரி டிரைவர் வந்தார், எந்தச் சபை என்றுகூடக் கேட்கவில்லை. "இங்கதானுங்களா அந்தப் பாஸ்டர் பேசுறது?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் பல் முளைக்கிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள். மருந்துக்கடைக்காரர் என்னை வழியில் நிறுத்தி, தூக்க மாத்திரை விற்பனை படுத்துவிட்டது, ஆண்டவர் பேரால் இது நியாயமா என்று கேட்டார். சென்ற ஆண்டறிக்கையில் எங்கள் சபையின் வருகை கூடியிருப்பதைப் பார்த்துத் தாங்கள் 'மிக்க மகிழ்ச்சி, எழுப்புதலுக்கு ஸ்தோத்திரம்' என்று எழுதியிருந்தீர்கள். ஐயா, எழுப்புதல் இல்லை ஐயா. அது நேர் எதிர்.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டிருப்போம். வந்த வினை அன்பின் விருந்தில் வந்தது. நம் சபையின் பழைய வழக்கம், தாங்கள் அறிந்ததுதான்: வட்டமாக உட்கார்ந்து ரொட்டியும் தண்ணீரும் ஒரே பாத்திரத்திலிருந்து கைமாற்றிச் சாப்பிட்டு, கர்த்தர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவரும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். பிரசங்கம் முடிந்த சூட்டோடு, அதாவது தூங்கி எழுந்த சூட்டோடு, விருந்தை வைத்துவிட்டோம். பாத்திரம் சலவைக்கூடத்து மேஸ்திரியம்மாவிடம் வந்தது. எழுந்தார். சாட்சிக்குப் பதிலாக, சற்றுமுன் கண்ட கனவைச் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளைத் துணிகள் எல்லாம் தாங்களே மடிந்து அலமாரிக்கு நடந்து போயினவாம். தான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். "அவ்ளோதான், ஸ்தோத்திரம்" என்று உட்கார்ந்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். அதற்கப்புறம் யாருக்கும் சாட்சி வரவில்லை, கனவுதான் வந்தது. இரும்புக்கடைக்காரர் மனைவி எழுந்தார். அவருக்கும் அவர் ஓரகத்திக்கும் ஒரு தையல் மெஷினால் பேச்சுவார்த்தை நின்று பல காலம். கோயிலில்கூடத் தூணுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். "கனவுல என் ஓரகத்தி எங்க வீட்டுக்கு வந்து அடுப்படியில நின்னு தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சா" என்றார். தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓரகத்தி சட்டென்று எழுந்தார். "நான் எப்ப உங்க வீட்டுக்கு வந்தேன்? யாரு வந்தது?" என்று ஒரு சத்தம். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். பிறகு, "சரி, சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். போயும் இருக்கிறார். தண்ணீரும் குடித்திருக்கிறார்.

அடுத்துப் பாத்திரம் இரும்புக்கடைக்காரர் கைக்குப் போயிற்று. பாதித் தூக்கம் கலையாத மனிதர், ரொட்டியை மென்றுகொண்டே, "நான் கோயில் கூரை மேல நிக்கிறேன். பழைய ஓடெல்லாம் காணோம். பூரா புதுத் தகரம். எங்கடைத் தகரம். நானே குடுத்தேன்" என்றார். சபை முழுவதும் ஒரே குரலாக அல்லேலூயா என்று முழங்கியது, மாப்பிள்ளை! மாதர் சங்கத்துத் தலைவி அங்கேயே எழுந்து கைதட்டி நன்றி கூறினார். அன்றிலிருந்து மனிதர் கடைவீதியில் தலைகாட்ட முடியவில்லை, பார்க்கிறவர்கள் எல்லாம் "தகரம் எப்பண்ணே வருது?" என்கிறார்கள். அந்த வாரமே அவசரக் கூட்டம் போட்டார். "கனவுல குடுத்ததுக்கெல்லாம் நெசத்துல வண்டி எப்ப வரும்னு கேக்குறாங்கய்யா! இந்தப் பாஸ்டர் இன்னும் ஒரு வருஷம் இருந்தா நான் கனவுல கடையையே எழுதிக் குடுத்துருவேன்!" என்று மேஜையைத் தட்டினார். ரொட்டிக்கடைக்காரர், நம்ம பிழைப்பையும் பார்க்க வேண்டுமே, பிரசங்கத்தில் ஒரு வரிகூட யாருக்கும் நினைவில்லையே என்று இழுத்தார். ஆர்கன் டீச்சர் முழங்கையைத் தடவிக்கொண்டார். முடிவில், போதகரை மாற்றித்தரும்படி கேட்பதென்றும், அதைச் செயலாளர் எழுதுவதென்றும், அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தலைவர் கையெழுத்துப் போடுவதென்றும் தீர்மானமாயிற்று.

நான் ஏன் மறுத்துப் பேசவில்லை என்று தாங்கள் கேட்கலாம். கேட்க மாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். மாப்பிள்ளை, அந்தக் கோயிலில் தூங்காதவன் நான் ஒருவன்தான்.

உன் அக்கா போனதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார், அது காலுக்கு மட்டும் தூக்கம் கொடுத்தது. பால் குடித்தேன், நடந்தேன், கட்டிலைத் திருப்பிப் போட்டேன். படுத்தால் வீடு முழுக்க எனக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் ஊரையே தாலாட்டுகிற ஒரு போதகர் வந்து சேர்ந்தால் ஒரு மனிதனுக்கு எவ்வளவு நம்பிக்கை வரும்! ஞாயிறுதோறும் ஆசையோடு போனேன். காப்பி குடிக்காமல் போனேன். கழுத்துப் பொத்தானைத் தளர்த்திவிட்டுக்கொண்டேன். சுவரோரம் சாய வசதியான மூலை இடத்தை ரொட்டிக்கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கினேன். என் இடது பக்கம் ஒரு மூச்சு, வலது பக்கம் ஒரு மூச்சு, முன்னால் பின்னால் எல்லாம் மூச்சு. கோயிலே ஒன்றாக ஏறி இறங்குகிறது. நடுவில் நான் கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கிறேன். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் எனக்கு ஆந்தை மாமா என்று பேர் வைத்திருப்பது தெரியும், தெரியாததுபோல் இருக்கிறேன்.

போதகருக்கும் இது தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், அவர் பேசுகிறபோது அவரைத் திரும்பிப் பார்க்கிற கண்கள் இரண்டே இரண்டுதானே. ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கிறபோது மற்றவர்களிடம் சுகம் விசாரிப்பார். என்னிடம் மட்டும் குனிந்து, "இன்னைக்கும் வரலையாய்யா?" என்று கேட்பார். "வரல, பாஸ்டர்." "சரி, வர்ற வாரம் பாப்போம்." மனிதர் எனக்காக என்னென்னவோ முயன்றார். ஒரு ஞாயிறு வேதத்தில் யார் யாருக்குப் பிறந்தார் என்று வரிசையாக வருகிற வம்ச அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராக மெள்ள மெள்ள வாசித்தார். லாரி டிரைவர் பெஞ்சிலிருந்து தரைக்கே போய்விட்டார். எனக்கோ நடுவில் ஒரு தலைமுறை விடுபட்டிருக்கிறதோ என்று சந்தேகம் வந்து, கூட்டிப் பார்த்து, இன்னும் விழிப்பாகிவிட்டது. வார நாளில் வீட்டுக்கே வருவார். வியாதிக்காரர்களைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி போய்விட்டு, கடைசியில் என் வீடு. ஜெபம் பண்ணுவார், சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் குழுக் கூட்டத்தில் பேசியதை எல்லாம் அவருக்கு ஒப்பித்தேன். நிமிர்ந்து பார்த்தால் போதகர் என் நாற்காலியில் வாய் திறந்து தூங்குகிறார். போர்வை எடுத்துப் போர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். எல்லோரையும் தூங்கவைக்கிறவரை நான் தூங்கவைத்துவிட்டேன், எனக்குத்தான் வழியில்லை.

பிரசங்கத்தில் ஒரு வரிகூட நினைவில்லை என்று குழுவில் சொன்னார்களே, எனக்கு எல்லா வரியும் நினைவிருக்கிறது. பிரசங்கம் என்றால் மூன்று தலைப்பு வேண்டாமா? இவரிடம் ஒன்றும் கிடையாது. கலியாண வீட்டில் தண்ணீர் திராட்சரசமானதைச் சொல்ல வேண்டியவர், அந்தத் தண்ணீரைச் சுமந்த வேலைக்காரர்கள் அன்று வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் என்ன சொல்லியிருப்பார்கள், அவள் நம்பியிருப்பாளா என்று கேட்டுக்கொண்டே நின்றுவிடுவார். காணாமல்போன ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாரே மேய்ப்பர், அந்த ஆடு வழியெல்லாம் என்ன பார்த்துக்கொண்டு வந்திருக்கும் என்பார். அவ்வளவுதான் பிரசங்கம். நான் வீட்டுக்கு வந்து, சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், ஆட்டின் கண்ணுக்கு மலைப்பாதை எல்லாம் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டு போவது தெரிகிறது. இதைப் பற்றிப் பேச எனக்கு ஆள் இல்லை. கேட்டவர்கள் யாரும் இல்லையே! உன் அக்கா இருந்திருந்தால் வீடு வரும் வழியிலேயே அந்த ஆட்டைப் பற்றிப் பேசித் தீர்த்திருப்போம்.

ஆகையால் ஐயா, சபையார் கேட்பது ஒரு காரணத்துக்கு, நான் கேட்பது வேறு காரணத்துக்கு. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடிமுழக்கத்தைத் திருப்பி அனுப்புங்கள், அல்லது அவரைவிடப் பெரிய இடியாக ஒன்றை அனுப்புங்கள். அவர் காலத்தில் எனக்கு இந்தக் கஷ்டம் தெரியவில்லை. எல்லோரும் விழித்திருந்தார்கள், நானும் விழித்திருந்தேன். எல்லோரும் தூங்குகிற இடத்தில் ஒருவன் மட்டும் விழித்திருப்பது எனக்கு வீட்டில் நடப்பதே போதும். கோயிலிலும் வேண்டாம்.

எங்கள் விண்ணப்பத்தைத் தயவாக ஏற்று, வரும் மாநாட்டிலேயே ஆவன செய்யும்படி மன்றாடுகிறேன். தங்கள் பிரயாணங்களையும் ஊழியத்தையும் கர்த்தர் காப்பாராக. வயல்களுக்கு மழைபோல உங்கள் வீட்டுக்குச் சமாதானம் இறங்குவதாக. தங்கள் துணைவியாருக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு இந்த மாமாவின் ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
குழுச் செயலாளர்

பி.கு.: மாப்பிள்ளை, மேலே எழுதியிருப்பதை எல்லாம் கிழித்துப்போட்டுவிடு. ஞாயிறு சாயங்காலம் இதை எழுதுகிறேன். கையெழுத்து வாங்குவதற்காகக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் காலையில் கோயிலுக்குப் போனேன். போதகர் புயல் அடங்கின கதையை எடுத்தார். வழக்கம்போலப் புயலை விட்டுவிட்டார். எல்லோரும் கரையேறி அவரவர் போன பிறகு அந்தப் படகை யார் இழுத்துக் கட்டிப்போட்டது என்று கேட்டார். பதில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. முதல் தடவையாக ஒரு பிரசங்கத்தின் முடிவு எனக்குத் தெரியாது!

விழித்தபோது வெயில் இந்தப் பக்க ஜன்னலைவிட்டு அந்தப் பக்க ஜன்னலுக்குப் போயிருந்தது. கோயில் காலியாகியிருக்கும் என்று நினைத்தேன். ஒருவர்கூடப் போகவில்லை. எல்லோரும் விழித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். என் குறட்டையில் ஒருவராலும் தூங்க முடியவில்லையாம். ஆனாலும் யாரும் என்னைத் தொடவில்லை, தொடவும் விடவில்லை. ஆர்கன் டீச்சர் மூடிய கட்டைகளின்மேல் கைவைத்திருந்தார். மணியடிக்கிறவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அழுத குழந்தைகளை நர்சுகள் வெளியே தூக்கிக்கொண்டு போய் நின்றார்கள். சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. போதகர் பீடத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். நான் கண்ணைத் திறந்ததைப் பார்த்து எழுந்து, நிறுத்திவைத்திருந்த ஆசீர்வாதத்தை அந்தச் சின்னக் குரலில் சொன்னார். சபை முழுவதும் விழித்திருந்து கேட்டது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. வாசலில் கடிதத்தை நீட்டினேன். இரும்புக்கடைக்காரர் பையிலிருந்து பேனாவை எடுக்கவே இல்லை. "எழுதறதுன்னா நீங்க மட்டும் எழுதுங்கய்யா. நான் தகரத்தைக் குடுத்துத் தொலைச்சர்றேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். போதகர் கைகொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. சிரித்தார்.

இனி நம் குடும்பக் காரியம். தூக்கத்தில் உன் அக்கா வந்தாள். "தள்ளி உக்காருங்க" என்று சொல்லி அந்தப் பெஞ்சிலேயே பக்கத்தில் உட்கார்ந்தாள். கோயில் தரையெல்லாம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, வெதுவெதுவென்று இருந்தது. அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தம்பி எப்படி இருக்கான்?" என்றாள். "நல்லா இருக்கான், மாவட்டக் கண்காணிப்பாளரா இருக்கான்" என்றேன். "வேலையக் கேக்கல. அவன் எப்படி இருக்கான்?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, மாப்பிள்ளை. ஆண்டறிக்கையைத் தவிர உன்னைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? திருதிருவென்று விழித்தேன், அந்த விழிப்பிலேயே முழித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறும் கேட்பாள், அவளை உனக்குத் தெரியாதா. அதற்குள் எழுது. சபைக் காரியம் ஒன்றும் வேண்டாம். நீ எப்படி இருக்கிறாய்?

அத்தான்